நால்வர் புறப்பட்ட ஊரில் ஒரு கழகம்

வெள்ளிக்கிழமை, வெஸ்ற் வயலோங்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒருவர் உதைபந்தாட்டம் என்று சொன்னால், அவர் எந்த ஆட்டத்தைச் சொல்கிறார் என்பதை அவர் வாழும் ஊரைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். சிட்னியில் அது பெரும்பாலும் ரக்பி லீக். மேற்கே மலையிறங்கி, கோதுமை வயல்களுக்குள் புகுந்து, தெற்குப் பக்கமாக ஓரளவு தூரம் போனால், அதே சொல் நீள்வட்ட மைதானத்தில் பதினெட்டுப் பேர் கொண்ட அணிகள் ஆடும் அவுஸ்திரேலிய விதி ஆட்டத்தைக் குறிக்கத் தொடங்கிவிடும். இந்த மாற்றம் நிகழும் இடத்தை நாட்டின் குறுக்கே ஒரு கோடாக வரைந்துவிடலாம் என்று வரலாற்றாசிரியர் இயன் ரேணர் 1978இல் ஒரு விரிவுரையில் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் சொன்னார். புகழ்பெற்ற ஆட்டக்காரரும் பயிற்றுநருமான ரொன் பராசியின் பெயரால் அது இன்றும் பராசிக் கோடு என்றே வழங்குகிறது. கோடு சரியாக எவ்விடத்தில் ஓடுகிறது என்று எவரும் வேலி போட்டுக் காட்ட முடியாது. ஆனால் நாளை நாங்கள் போகவிருக்கும் அங்கரி என்ற சிற்றூர் அதற்கு மிக அருகில் இருக்கிறது என்பதில் இரண்டு கருத்து இல்லை.

சிட்னியிலிருந்து நீல மலைகளைக் கடந்து, பதேர்ஸ்ற், கௌரா, கிரென்ஃபெல் வழியாக ஏறத்தாழ 460 கிலோமீற்றர் ஓடி, மாலை மங்கும் நேரத்தில் வெஸ்ற் வயலோங்கை அடைந்தோம். 1890களில் பொன் கிடைத்ததால் எழுந்த ஊர் இது. பிரதான வீதி வளைந்து வளைந்து போவதற்குக் காரணம், மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போன பழைய மாட்டுவண்டித் தடத்தின் மேலேயே அதை அமைத்ததுதான் என்று சொல்கிறார்கள். ரக்பி லீக் கழகமும் அவுஸ்திரேலிய விதிக் கழகமும் ஒரே ஊரில் அருகருகே வாழ்வதைப் பார்க்க விரும்புவோருக்கு வெஸ்ற் வயலோங் நல்ல இடம். விடுதியின் கீழ்த்தளத்தில் இரண்டு தொலைக்காட்சிகளில் இரண்டு ஆட்டங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் பார்ப்பவர்கள் ஒரே மேசையில் இருந்தார்கள்.

இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டது, அவுஸ்திரேலிய விதி ஆட்டத்தில் நாடறிந்த நால்வரான டானிஹர் சகோதரர்களின் ஊரான அங்கரியைப் பார்ப்பதற்காக. உடன் வரச் சம்மதித்த என் மனைவிக்கு அவர்களைப் பற்றி அக்கறை எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் ஆடியவர் அவர். அங்கரிக் கழகத்தின் பெயரிலேயே வலைப்பந்தும் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் பயணப்பையை எடுத்தார்.

சனிக்கிழமை, அங்கரி

வெஸ்ற் வயலோங்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். சாலைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் இரு புறமும் கோதுமை. கார்ஜெலிகோ ஏரி வரை செல்லும் இந்த ரயில் பாதை 1917இல் திறக்கப்பட்டது. தானியம் வெளியே போக வழி கிடைத்ததால்தான் இப்பகுதியின் ஊர்கள் நிலைபெற்றன. ஊரையும் சுற்றுவட்டாரப் பண்ணைகளையும் சேர்த்தாலும் அங்கரியில் வாழ்வோர் சில நூறு பேர்தான். ஒரு சனிக்கிழமை காலையில் அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருப்பார்கள் என்பதை விசாரிக்கத் தேவையில்லை. முன்னால் போகும் வாகனத்தைப் பின்தொடர்ந்தால் போதும்.

மைதான வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவர் நுழைவுக் கட்டணத்தை வாங்கித் தகரப் பேணிக்குள் போட்டுவிட்டு, வாகனத்தை வேலியோரம் முகப்பு மைதானத்தைப் பார்க்கும்படி நிறுத்தச் சொன்னார். ஏன் என்பது பின்னர் விளங்கியது. சொந்த அணி கோல் அடிக்கும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்களும் பண்ணை வாகனங்களும் ஒரே நேரத்தில் ஹோண் அடிக்கின்றன. நாட்டுப்புறக் கழகங்களில் கைதட்டலுக்கு ஈடான வழக்கம் இது. குளிர்காற்று வீசும் நாட்களில் வயதானவர்கள் வாகனத்தை விட்டு இறங்காமலேயே முழு ஆட்டத்தையும் பார்த்துவிடுகிறார்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி நடுவரைத் திட்டுவதற்கும் அது வசதியாக இருக்கிறது.

அங்கரியின் அணி மக்பைஸ் என்ற பெயரில், கறுப்பு வெள்ளைக் கோடிட்ட சட்டையுடன் நோர்தேர்ண் ரிவெரினா லீக்கில் ஆடுகிறது. இந்த ஆட்டத்தின் முதல் விதிகள் 1859 மே மாதத்தில் தெற்கே அயல் மாநிலமான விக்ரோறியாவின் மெல்பேர்ணில் எழுதப்பட்டவை. மாநில எல்லைக்கு இப்பால் இருந்தபோதும், நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கிலுள்ள ரிவெரினாப் பகுதியின் வணிகமும் கம்பளியும் நீண்ட காலம் சிட்னியை விட மெல்பேர்ணையே நோக்கியிருந்ததால், ஆட்டமும் தெற்கிலிருந்து வடக்கே ஏறி வந்தது. லீக்கின் மற்றக் கழகங்கள் கார்ஜெலிகோ ஏரி, ருல்லிபிஜீல், ஹில்ஸ்ரன், வெஸ்ற் வயலோங் எனப் பரந்து கிடக்கின்றன. ஹில்ஸ்ரனில் ஆட்டம் என்றால் ஒரு வழிப் பயணம் மட்டும் 150 கிலோமீற்றருக்கு மேல். பதினாறு வயதுப் பிள்ளை ஆடும் முதல் ஆட்டத்துக்காக இருட்டோடு புறப்படும் குடும்பம், முதல்நிலை அணியின் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது மறுபடியும் இருட்டிவிடும்.

இப்படிப்பட்ட தூரங்கள்தான் உதைபந்தையும் வலைப்பந்தையும் ஒரே கழகமாக்கின. தொடக்கத்தில் இவை இரண்டு தனி உலகங்கள். வலைப்பந்தாட்டம் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே அறியப்பட்டது. அதற்கான தேசிய அமைப்பு 1927இல் உருவானது. இன்றைய பெயரை அது 1970இல்தான் பெற்றது. அதற்குள் 1963இல் ஈஸ்ற்போர்ணில் நடந்த முதல் உலகப் போட்டியை அவுஸ்திரேலியா வென்றும் விட்டது. நாட்டுப்புறத்தில் ஆண்களின் உதைபந்து லீக் ஒரு பக்கம் அட்டவணை போட, பெண்களின் சங்கம் இன்னொரு பக்கம் அட்டவணை போட, அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை வேறோர் ஊரிலும் ஒரே நாளில் ஆட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பண்ணை வேலையும் ஒற்றை வாகனமும் உள்ள வீட்டுக்கு அது கட்டுபடியாகாது. ஆகவே இரண்டு அட்டவணைகளும் மெல்ல ஒன்றாயின. பின்னர் நிர்வாகங்கள் ஒன்றாயின. கடந்த சில பத்தாண்டுகளில் தென்கிழக்கு அவுஸ்திரேலியா முழுவதும் லீக்குகளும் கழகங்களும் தங்கள் பெயர்ப் பலகைகளில் வலைப்பந்தையும் சேர்த்துக்கொண்டன. இதைப் பெருந்தன்மையின் விளைவாகக் காட்டும் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். என் பார்வையில், அங்கே வேலை செய்தது கணக்கு. மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து உதைபந்து அணி ஒன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் வேண்டும். இரண்டாம் நிலை அணியும் சேர்ந்தால் நாற்பதுக்கு மேல். சில நூறு பேர் வாழும் ஊரில் அத்தனை பேரைத் திரட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. வலைப்பந்து அணிக்கு ஏழு பேர் போதும். ஓர் ஊரால் மூன்று, நான்கு வலைப்பந்து அணிகளை இறக்க முடியும்; அந்த அணிகளுக்காக வரும் குடும்பங்களே வாசல் கட்டணத்தையும் சிற்றுண்டிச்சாலையையும் நடத்திக்கொடுக்கின்றன.

நான் உதைபந்து மைதானத்தின் வேலியோரம் நிற்க, மனைவி காலையிலேயே பக்கத்து வலைப்பந்துக் களத்தில் இடம் பிடித்துவிட்டார். கூடைப்பந்தில் உள்ள பின்பலகை இதில் இல்லை, 3.05 மீற்றர் உயரத்தில் வெறும் வளையம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, கைக்கு வந்த மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்கு எறிந்துவிட வேண்டும், தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். விதிகள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதால், ஓசையில்லாத ஆட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பெரும் தவறான எண்ணம் என்று இரண்டாவது கால்பகுதியில் கோல் காப்பாளரும் எதிரணி எறிவாளரும் வளையத்தடியில் மோதி விழுந்த சத்தம் தெளிவாக்கியது. விழுந்தவர்களில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சட்டை மேல் அணிந்திருந்த, ஆடும் நிலையைக் காட்டும் எழுத்துப் பட்டியை நேராக்கிக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றார். சற்று முன்னர் ஆடி முடித்த இளையோர் அணியில் அவருடைய மகள் இருந்ததாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் அதே பெண்மணி சிற்றுண்டிச்சாலைக்குள் போய் சமையல் முன்துணி கட்டிக்கொண்டு, இறைச்சி வைத்துச் சுட்ட பை (pie) என்ற பண்டமும் வெங்காயம் வதக்கி வைத்த பாணும் விற்றுக்கொண்டிருந்தார்.

எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று புள்ளி எழுதும் மேசையிலிருந்தவர் மனைவியிடம் கேட்டார். இலங்கை என்றதும், “அந்த உயரமான பெண்ணின் நாடா?” என்றார். 2.08 மீற்றர் உயரமுள்ள தர்ஜினி சிவலிங்கத்தைத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்து இலங்கை அணிக்கு ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்த தர்ஜினி மெல்பேர்ணிலும் கழக ஆட்டங்கள் ஆடியவர் என்பதால், இந்த நாட்டில் வலைப்பந்தைப் பின்தொடர்வோருக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. அதன் பின்பு மனைவிக்குத் தேநீர் தானாக வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு நேரம் பார்க்கும் வேலையும் வந்தது. எனக்கு இரண்டும் வரவில்லை.

பிற்பகலில் முதல்நிலை அணிகளின் ஆட்டம். இரு பக்கமும் வெள்ளை மேலங்கி அணிந்த கோல் நடுவர்கள். பெரிய கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் பெரிய கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. ஒவ்வொரு கால்பகுதி இடைவேளையிலும் பார்வையாளர்கள் வேலியைத் தாண்டி உள்ளே போய், பயிற்றுநர் ஆட்டக்காரர்களிடம் பேசுவதைச் சுற்றி நின்று கேட்கிறார்கள். நானும் போய் நின்றேன். வியர்வையும் தசைவலித் தைலமும் கலந்த வாசனையில், தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்தபடி, சிறுவர்கள்கூட அமைதியாகக் கேட்டார்கள். பெரு நகரத்தில் காசு கொடுத்து ஆட்டம் பார்ப்பவருக்கு இந்த உரிமை கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை, அங்கரியும் மிரூலும்

ஊரின் நடுவே ஒரு பெரிய சிவப்புப் பந்து நிற்கிறது. டானிஹர் சகோதரர்களைக் கௌரவிக்க 2018இல் வைக்கப்பட்டது. பெரிய வாழைப்பழம், பெரிய செம்மறியாடு என்று ஊருக்கு ஊர் பெரிய பொருட்களை வைத்துப் பயணிகளை நிறுத்தும் வழக்கம் அவுஸ்திரேலியாவில் உண்டு. இதுவும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் கதை மற்றவற்றை விடக் கனமானது.

ஜிம், எட்னா டானிஹர் தம்பதியருக்குப் பதினொரு பிள்ளைகள். நான்கு ஆண்கள், ஏழு பெண்கள். மூத்த மகன் ரெரி 1976இல் ஆட்டத்தின் முதன்மையான மெல்பேர்ண் லீக்கில் சவுத் மெல்பேர்ண் அணியில் சேர்ந்து, 1978இல் அதே லீக்கின் எசெண்டன் அணிக்கு மாறி, 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணியின் தலைவராக லீக்கின் கிண்ணத்தை உயர்த்தினார். அடுத்தவரான நீல் 1979இல் எசெண்டனில் ஆடத் தொடங்கினார். பலர் கணிப்பில் நால்வரிலும் திறமை மிகுந்தவர் அவர்தான். 1982இல் இளம் வயதிலேயே அணித்தலைவராக நியமிக்கப்பட்டும், முழங்கால் காயத்தால் அந்த ஆண்டில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் போனது. மொத்தம் 82 ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அந்தனி சவுத் மெல்பேர்ணிலும், அது சிட்னிக்கு இடம்பெயர்ந்த பின்பு அங்கும் ஆடிவிட்டு எசெண்டனுக்கு வந்தார். இளையவர் கிறிஸ் 1993இல் கிண்ணம் வென்ற எசெண்டன் அணியில் இருந்தார். நால்வரின் ஆட்டங்களையும் கூட்டினால் 752 வருகிறது.

1990ஆம் ஆண்டு இந்தக் குடும்பத்துக்கு உரியது. அந்த ஆண்டில் சிட்னி துடுப்பாட்ட மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸ், விக்ரோறியா மாநில அணியைத் தோற்கடித்தபோது நான்கு சகோதரர்களும் நியூ சவுத் வேல்ஸ் சட்டையில் ஆடினார்கள். பருவத்தின் பிற்பகுதியில் செயின்ற் கில்டாவுக்கு எதிராக எசெண்டன் இறங்கியபோதும் நால்வரும் ஒரே அணியில் இருந்தார்கள். ரக்பி நாடு என்று கருதப்பட்ட மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து, ஒரு வீட்டிலிருந்து, நான்கு பேர் போய் விக்ரோறியரை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்றது அங்கரியில் இன்னும் நேற்று நடந்ததுபோலப் பேசப்படுகிறது.

நீல் பின்னர் மெல்பேர்ண் அணியின் பயிற்றுநராகி அதை 2000ஆம் ஆண்டு இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2013இல் அவருக்கு, தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் இயக்க நரம்பணு நோய் இருப்பது தெரியவந்தது. அதற்குப் பின்பு அவர் இணைந்து தொடங்கிய அமைப்பு, 2015 முதல் ஆண்டுதோறும் மெல்பேர்ண் மைதானத்தில் பிரபலங்களைச் சறுக்குப் பலகையில் வழுக்கிவிட்டுப் பனிக்கட்டி நீரில் விழச் செய்தும், நீலத் தொப்பிகள் விற்றும், நோய் ஆராய்ச்சிக்காகப் பத்துக் கோடி டொலருக்கு மேல் திரட்டிவிட்டது. 2025ஆம் ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தனியின் மகன் ஜோ 2024இல் பிரிஸ்பேன் அணியோடு கிண்ணம் வென்று, அத்துடன் ஓய்வும் பெற்றுக்கொண்டார்.

இவ்வளவையும் நான் பெரிய பந்தின் முன் நின்று மனைவிக்கு விளக்கி முடித்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஏழு பெட்டையள் எண்டால் முழு வலைப்பந்து ரீம் எல்லோ? அவையளுக்கு என்ன வைச்சிருக்கினம்?” என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊரின் பெயரை நாடறியச் செய்தவர்கள் அந்த நால்வர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போனதால்தான் புகழ் பெற்றார்கள். கழகத்தின் வரலாறு என்று எழுதப் புகுந்தால், போகாமல் இருந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் கோடுகளுக்கு வெள்ளை அடித்தவர், நாற்பது வயதுக்குப் பிறகும் வளையத்தடியில் விழுந்தெழும்பியவர், தகரப் பேணியோடு வாசலில் குந்தியிருந்தவர் ஆகியோரைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் ஆண்டறிக்கைகளின் நன்றியுரைப் பக்கத்தில், சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

பிற்பகலில் தெற்கே இறங்கி மிரூலுக்குப் போனோம். சில வீடுகளும் ஒரு மதுச்சாலையும் சுமார் 30 மீற்றர் உயரமான கோதுமைக் களஞ்சியமும் உள்ள இடம். ஜீலோங் அணியின் பில்லி பிரவுன்லெஸ் 1990களில் இந்தக் களஞ்சியத்துக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பியதிலிருந்து, ஆட்கள் கூடி அதே முயற்சியைச் செய்து பார்க்கும் ஒரு போட்டியே இங்கு உருவானது. அண்ணாந்து பார்த்தால் அது மனிதக் காலால் ஆகக்கூடிய காரியமாகத் தோன்றவில்லை.

எனினும் நான் மிரூலுக்கு வந்தது வேறு காரணத்துக்காக. ஏரியா பார்க்கும் மிரூலும் சேர்ந்த கழகத்தில்தான் ரெரி டானிஹர் சவுத் மெல்பேர்ணுக்குப் போவதற்கு முன் ஆடினார். அந்தக் கழகம் இன்று அந்தப் பெயரில் இல்லை. பக்கத்து ஊரான ஆர்ட்லெதனோடு இணைந்து நோர்தேர்ண் ஜெற்ஸ் ஆகிவிட்டது. வெஸ்ற் வயலோங் கழகத்தின் பெயரோடு கிரல் என்ற குடியிருப்பின் பெயர் ஒட்டியிருப்பதும் இப்படி நடந்ததுதான். ரிவெரினாவின் கழகப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே எத்தனை ஊர்கள் தனியாக அணி இறக்கும் பலத்தை இழந்தன என்பது தெரிந்துவிடும்: கன்மெயின், குரோங் குரோங், மற்றோங் மூன்றும் இன்று ஒரே கழகம், த றொக், யெரோங் கிறீக் இரண்டும் ஒரே கழகம். இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாகப் பண்ணைகளும் பெரிதாகின. முன்பு நான்கு குடும்பங்கள் உழுத நிலத்தை இப்போது ஒரு குடும்பம் உழுகிறது. ஆட்டக்காரர்கள் பிறக்கும் வீடுகள் அந்த அளவுக்குக் குறைந்தன. மேல்படிப்புக்காக வாகா வாகாவுக்கும் சிட்னிக்கும் போனவர்கள் திரும்புவதில்லை. வறட்சி வந்தால் இன்னும் சிலர் போய்விடுகிறார்கள். 2004இல் விக்ரோறிய நாடாளுமன்றக் குழு ஒன்று நாட்டுப்புற உதைபந்தாட்டத்தைப் பற்றித் தனியே விசாரித்து அறிக்கை வெளியிடும் அளவுக்கு இந்தச் சிக்கல் எல்லையின் மறுபுறத்திலும் பெரிதாக இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் அங்கரியைப் பார்க்க வேண்டும். பெயரில் வேறு ஊர் எதுவும் ஒட்டாமல், அது இன்னும் அங்கரியாகவே ஆடுகிறது.

திங்கட்கிழமை, திரும்பும் வழியில்

ரெமோராவில் காலைத் தேநீர் குடித்தபடி இதை எழுதுகிறேன். போக விரும்புவோர் கேட்பார்கள் என்பதால் சில விவரங்கள். ஆட்டப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்ற் இறுதி அல்லது செப்ரெம்பர் வரை நீடிக்கும். எல்லாச் சனிக்கிழமைகளிலும் அங்கரியில் ஆட்டம் இருக்காது, பாதி வாரங்களில் அணி வெளியூரில் இருக்கும், ஆகவே லீக்கின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வாசலுக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் சில்லறைக் காசு வைத்திருப்பது நல்லது. மடக்கு நாற்காலியும் தடித்த மேலங்கியும் கட்டாயம் வேண்டும். வலைப்பந்து ஆட்டங்கள் காலையிலேயே தொடங்கிவிடுவதால், உதைபந்தின் முதல்நிலை ஆட்டத்துக்கு நேரம் பார்த்து மதியம் போய்ச் சேர்பவர்கள் பாதிக் கழகத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். இறைச்சிப் பை மூன்றாவது கால்பகுதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது.